மழை பொய்த்தாலும் பொய்க்காத தொழில்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. பையனை எதில் சேர்க்கலாம், பெண்ணை எங்கே அனுப்பலாம் என்று பீரோவைத் திறந்து நகையை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, ஒரு யோசனை சொல்கிறேன். பிள்ளையை விவசாயத்தில் விடுங்கள். பதற வேண்டாம், வயலில் இறங்கச் சொல்லவில்லை. வயல் வரப்பில் நின்று பேசுகிற தொழில் ஒன்று இருக்கிறது. வேளாண்மை மற்றும் ஊரக மேம்பாட்டு ஆலோசகர் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். மழை பெய்தாலும் வருமானம், பெய்யாவிட்டால் வறட்சி மேலாண்மை என்று கூடுதல் வருமானம். வெள்ளம் வந்துவிட்டாலோ, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிடலாம்.

இந்த நாட்டில் விவசாயத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மத்திய அரசே 2018-19க்கு எடுத்த கணக்குப்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798. கூலி, சம்பளம் என்று வெளியே உழைத்துக் கொண்டுவந்தது 4,063. சொந்த நிலம் தருவதைவிட அடுத்தவரிடம் வேலைக்குப் போவதே அதிகம் தருகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் முன்னோர் சொன்னது சரிதான். அந்தக் கணக்கை உழுதவனுக்காக இன்னொருவர் பார்த்துக் கொடுத்தால் அவருக்கு மிஞ்சும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. மாதம் 3,798 ரூபாயை எப்படிப் பெருக்குவது என்று சொல்லித்தர ஊருக்குள் வரும் ஆலோசகரின் காருக்கு ஒரு நாள் வாடகையே ஏறக்குறைய அவ்வளவு ஆகிறது.

தம்பி, தங்கை, யார் இந்தத் தொழிலுக்கு வந்தாலும் முதலில் இதன் ஆதி கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1889ல் இந்திய விவசாயத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று சொல்ல லண்டனிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்று பெயர். இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் வேதியியலாளர். மனிதர் ஓராண்டுக்கும் மேல் ஊர் ஊராகச் சுற்றினார். 1893ல் அவர் அறிக்கை வெளிவந்தது. அதில் அவர் ஒரு பெரிய தவறு செய்தார்: உண்மையை எழுதிவிட்டார். இந்திய விவசாயி இங்கிலாந்தின் சராசரி விவசாயிக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர், சிலவற்றில் மேலானவர் என்றார். அவருக்கு இல்லாதது தண்ணீரும் எருவும். விறகு கிடைக்காததால் சாணியை அடுப்பில் எரிக்கிறார். விறகுக்குக் காடு வளர்த்துக் கொடுங்கள், சாணி தானாக வயலுக்குப் போகும் என்றார்.

இப்படி எழுதினால் அடுத்த ஒப்பந்தம் யார் தருவார்கள்? அன்றைக்கே மூடியிருக்க வேண்டிய கடை இது. மூடவில்லை. ஏனென்றால் வோல்க்கர் சொன்னபடி செய்தால் அரசாங்கம் செலவு செய்ய வேண்டும். விவசாயிக்கு விவரம் போதாது என்று சொன்னாலோ, வகுப்பு எடுத்தால் போதும்.

130 ஆண்டுகள் ஆகியும் இந்த விதி மாறவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் தேசிய விவசாயிகள் ஆணையம் அமைத்தார்கள். 2004க்கும் 2006க்கும் இடையில் ஐந்து அறிக்கைகள். உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை கொடுங்கள் என்று அவரே எழுதினார். அதைக் கொடு என்று கேட்டு இன்றைக்கும் விவசாயிகள் நெடுஞ்சாலையில் உட்காருகிறார்கள், தடியடி வாங்குகிறார்கள். 2016 பிப்ரவரியில் பரேலியில் பிரதமர் பேசினார், 2022க்குள் விவசாயிகளின் வருமானம் இரட்டிப்பாகும் என்று. உடனே ஒரு குழு. குழுவின் அறிக்கை 14 தொகுதி. 2022 வந்தது, போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழைய காலம். இப்போது இந்த நாட்டில் குறைந்தபட்ச ஆதரவு விலை உறுதியாகக் கிடைப்பது ஏட்டுச் சுரைக்காய்க்கு மட்டும்தான்.

ஆகவே பாலபாடம் இது: விவசாயிக்கு விலை கொடுக்கச் சொல்லும் ஆலோசனை அலமாரிக்குப் போகும். விவசாயி மாற வேண்டும் என்று சொல்லும் ஆலோசனைக்கு டெண்டர் வரும்.

டெண்டர் கிடைத்துவிட்டால் களப்பயணம். இதற்கு ஒரு நல்ல கையேடு இருக்கிறது. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், 1973-74ல் நம் வட ஆற்காட்டு நெல் கிராமங்களை ஆராய்ந்த குழுவில் இருந்தவர், 1983ல் ஒரு புத்தகம் எழுதினார். ஊரக வல்லுநர்கள் தார்ச்சாலை போகும் ஊருக்குத்தான் போகிறார்கள், மழைக்காலத்தில் எட்டிப் பார்ப்பதில்லை, ஊர்ப் பெரியவர்களைத்தான் சந்திக்கிறார்கள், ஆண்களிடம்தான் பேசுகிறார்கள், ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அதில் வரிசையாகச் சாடியிருந்தார். பாவம், கண்டனமாக எழுதினார். நம் ஆட்கள் அதைப் பயண அட்டவணையாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு மருந்தாக அவரும் மற்றவர்களும் பரப்பியதுதான், ஊர் மக்களே தங்கள் ஊரின் வரைபடத்தைத் தரையில் போட்டுக் காட்டும் முறை. நல்ல எண்ணம்தான். ஆனால் இன்று அது எப்படி நடக்கிறது? காலை பதினொரு மணிக்குக் கார் வருகிறது. நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருக்க வேண்டிய பெண்களை ஊராட்சிச் செயலர் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார். கோலப்பொடியில் குளம், கோயில், பள்ளிக்கூடம், காலனி, சுடுகாடு எல்லாம் போடுகிறார்கள். குளத்துக்குப் பச்சை, ரோட்டுக்குச் சிவப்பு. ஆலோசகர் நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து படம் எடுக்கிறார். அந்தப் படம் அறிக்கையின் அட்டை. ஒரு நாள் கூலி போனவர்களுக்கு டீயும் மேரி பிஸ்கட்டும். போன வருடம் வேறு ஒருவர் வந்து இதே கோலத்தைப் போடச் சொன்னார் என்று ஓர் அம்மா சொன்னால், அதை மக்களின் ஆர்வமான பங்கேற்பு என்று எழுத வேண்டும்.

டெல்டாவில் தை மாதத்தில் போனால் உரையாடல் எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடுங்கள். சம்பா அறுப்பு நேரம். வரப்பில் நிற்கும் பெரியவரிடம் ஆலோசகர் கனிவாகச் சொல்கிறார்:

“நெல்லையே நம்பி இருக்காதீங்கய்யா. நெல்லுக்கு அப்புறம் உளுந்து போடுங்க. மண்ணுக்கும் நல்லது, காசும் வரும்.”

“தம்பி, எங்க தாத்தா காலத்துலேருந்து அதத்தான் போடுறோம். அறுப்புக்குப் பத்து நாளு இருக்கும்போதே நெல்லுக்குள்ள உளுந்து, பயறு தெளிச்சுடுவோம். இப்ப அறுக்குற மிஷினு ஏறி மொளச்சதெல்லாம் நசுங்கிப் போவுது. ஆளு வச்சு அறுத்தா கட்டுபடியாவாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

ஆலோசகருக்கு வழி தெரியாது. ஆனால் அறிக்கையில் எழுதத் தெரியும்: ‘பயிர்ப் பன்முகப்படுத்தல் குறித்து விவசாயிகளிடையே விழிப்புணர்வு குறைவாக உள்ளது. மூன்று கட்டப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.’ பயிற்சியை யார் நடத்துவார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

அதே பெரியவரின் நெல் மறுநாள் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். காயவைக்கக் களம் இல்லை, தார்ச்சாலைதான் களம். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறார்கள் என்பது மாவட்டந்தோறும் குறைதீர் கூட்டத்தில் ஒலிக்கும் புகார். இரவு மழை வந்தால் தார்ப்பாய்க்கு ஓட வேண்டும். இந்தத் துயரத்தையும் ஆலோசகர் விட்டுவைக்க மாட்டார். ‘அறுவடைக்குப் பிந்தைய இழப்பு மேலாண்மை’ என்று தனியாக ஒரு அத்தியாயம் வரும், பரிந்துரையுடன். பரிந்துரை என்ன? விவசாயிகளுக்கு ஈரப்பதம் குறித்த பயிற்சி. நெல் நனைவது விவசாயிக்குத் தெரியாமல் இருக்கிறதாம்!

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டம் கொண்டுவந்தது. 6,865 கோடி ரூபாய். விவசாயிகள் கம்பெனி ஆரம்பித்து, சேர்ந்து வாங்கி, சேர்ந்து விற்று, இடைத்தரகரை ஒழித்துவிடுவார்கள் என்பது திட்டம். விதிமுறையைப் படியுங்கள். விவசாயிகளின் கம்பெனிக்கு நிர்வாகச் செலவு, மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, அதிகபட்சம் 18 லட்சம். அந்தக் கம்பெனியைத் தொடங்கி வைத்து, கைபிடித்து நடக்கக் கற்றுத்தரும் ஆலோசனை அமைப்புக்குக் கம்பெனி ஒன்றுக்கு ஐந்து ஆண்டில் 25 லட்சம் வரை. பங்கு மானியம் 15 லட்சம் வரை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பழி வேண்டாம். ஆனால் அது விவசாயிகள் முதலில் தங்கள் கைக்காசைப் போட்டால், போட்ட அளவுக்கு ஈடாக வருவது. ஆலோசகர் கைக்காசு எதுவும் போட வேண்டியதில்லை. இடைத்தரகரை ஒழிக்க வந்தவருக்கு விவசாயிகளின் நிர்வாகச் செலவைவிடப் பெரிய ஒதுக்கீடு. சந்தைத் தரகராவது மூட்டையைத் தூக்கிப் பார்த்து விலை சொல்வார்.

கம்பெனி என்று வந்துவிட்டால் கம்பெனிச் சட்டம் சும்மா விடுமா? வருடாந்திரக் கணக்கு, தணிக்கை, டிஜிட்டல் கையொப்பம். மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். இயக்குநர் யார்? மணிலா போடும் ஒருவர், மாடு வைத்திருக்கும் ஓர் அம்மா. கையெழுத்து அவர்களுடையது, கணினி ஆலோசகருடையது. ஐந்தாண்டு முடிந்து ஆலோசகர் அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடுவார். நோட்டீஸ் மட்டும் அந்த அம்மா வீட்டுக்கு வரும், ஆங்கிலத்தில். நன்றாக நடக்கும் உழவர் நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பாருங்கள், ஊர்க்காரர் யாரோ ஒருவர் ராத்திரி பகலாக உயிரை விட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு எந்தத் தலைப்பிலும் ஒதுக்கீடு கிடையாது.

பயிர் பரிந்துரைப்பதில் துணிச்சல் முக்கியம். முன்னோர் காட்டிய வழி இருக்கிறது. 1990களில் தேக்கு, போட்ட பணம் இருபது ஆண்டில் கோடியாகும் என்றார்கள், கம்பெனிகள் அதற்கு முன்பே மறைந்தன. பிறகு வெனிலா, பிறகு கற்றாழை. 2003ல் திட்டக் குழு காட்டாமணக்கைக் கையில் எடுத்தது, 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெய் கலக்கலாம் என்று. தண்ணீர் கேட்காது, ஆடு மாடு தொடாது, தரிசில் வளரும், எண்ணெய் கொட்டும் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். கோவை, திருவண்ணாமலைப் பக்கத்தில் நம்பி நட்டார்கள். தண்ணீர் கேட்டது. காய் சொன்னதில் சிறு பங்குகூட வரவில்லை. நட்டவர்களில் பலர் கைவிட்டார்கள் என்பதை 2010ல் வெளிவந்த கள ஆய்வு பதிவு செய்தது. 2012ல் பெருந்துறையில் ஈமு. பறக்காத கோழியைக் காட்டிப் பணத்தைப் பறக்கவிட்டார்கள். ஏமாந்தவர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள்.

காட்டாமணக்கைப் பரிந்துரைத்த வல்லுநர் எவராவது ஒருவர், ஒரே ஒருவர், வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டீர்களா? கட்டடம் இடிந்தால் பொறியாளரைக் கேட்கலாம். தவறான மருந்து கொடுத்தால் மருத்துவர் மீது நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். தவறான பயிர் சொன்னவரை எங்கே கேட்பது? கூட்டுறவு வங்கியில் கடன் விவசாயி பெயரில் இருக்கிறது, ஜப்தி நோட்டீஸும் அவர் பெயரில். ஆலோசகர் பெயரில் இருப்பது அனுபவம். தற்குறிப்பில் அது ஒரு வரி கூடுகிறது: ‘உயிரி எரிபொருள் துறையில் பத்தாண்டு அனுபவம்.’

கட்டணம் எப்போது வரும் என்ற கவலையும் வேண்டாம். தொடக்க அறிக்கை கொடுத்தால் ஒரு தவணை, வரைவு அறிக்கைக்கு ஒன்று, இறுதி அறிக்கைக்கு ஒன்று. விளைச்சலுக்குத் தவணை கிடையாது.

பெரிய நிறுவனத்தில் சேரும் ஆசை உள்ளவர்கள் ஆந்திராவைப் படிக்க வேண்டும். சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது, 1999ல், மெக்கின்சி நிறுவனத்தின் துணையோடு ‘விஷன் 2020’ வந்தது. விவசாயத்தை நம்பி வாழ்பவர்கள் 70 சதவீதம் இருக்கிறார்கள், அதை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது அந்த ஆவணம். குறைக்கப்படுபவர்கள் எங்கே போவார்கள், ஹைதராபாத் மேம்பாலத்தின் கீழா என்று அந்தப் பளபளப்பான காகிதத்தில் தெளிவில்லை. 2001ல் மேடக் மாவட்டத்தில் சிறு குறு விவசாயிகளையே நடுவர்களாக உட்காரவைத்து ஒரு விசாரணை நடத்தினார்கள். ‘பிரஜா தீர்ப்பு’ என்று பெயர். நடுவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிபுணர்கள் வந்து வாதாடினார்கள், அந்தப் பெண்கள் கேட்டார்கள், நிலத்தைவிட்டு எங்களைக் கிளப்பும் இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2004 தேர்தலில் நாயுடு ஆட்சி போனது. மெக்கின்சி போகவில்லை. தேர்தலில் நிற்காதவரை யாராலும் தோற்கடிக்க முடியாது.

இதற்கிடையில் உண்மையாகவே விவசாயிக்கு ஆலோசனை சொல்வது யார் தெரியுமா? உரக்கடைக்காரர். 2013ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், தொழில்நுட்ப ஆலோசனை ஏதோ ஒரு வகையில் கிடைத்ததாகச் சொன்ன விவசாயக் குடும்பங்கள் 41 சதவீதம். மீதிப் பேர், இலையில் புள்ளி விழுந்தால் அந்த இலையைப் பறித்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடனுக்குக் கொடுப்பவர் அவர்தான். எந்தப் புட்டியில் கமிஷன் அதிகமோ அந்தப் புட்டி கைக்கு வருகிறது. இதைச் சரிசெய்ய வேண்டிய உதவி வேளாண்மை அலுவலர் எங்கே? பாவம், பல ஊர்களைத் தலையில் சுமந்துகொண்டு, செயலியில் பயனாளி படத்தைப் பதிவேற்றச் சிக்னல் தேடி மொட்டைமாடியில் நிற்கிறார். காலி இடத்தை நிரப்ப அரசிடம் பணம் இல்லை. காலி இடங்களால் ஏற்படும் விளைவுகளை ஆராய ஆலோசகரை நியமிக்கப் பணம் இருக்கிறது.

இந்தத் தொழிலில் தோற்றுப்போனவர்களையும் சொல்லிவிட வேண்டும், எச்சரிக்கைக்காக. நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. அங்கே செய்யும் ஆராய்ச்சியால் மானாவாரி விவசாயிக்குப் பயன் இல்லை என்று 1969ல் வேலையை விட்டார். எஞ்சிய காலமெல்லாம் ஊர் ஊராக நடந்தார், 2013 டிசம்பரில் இறக்கும்வரை. அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னதற்குக் கட்டணச் சீட்டு நீட்டவில்லை என்பதைச் சொல்கிறேன். கட்டிமேடு நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தா என்பதுதான் அவர் போட்ட ஒப்பந்தம். எந்த டெண்டரிலும் இவர்கள் முதல் சுற்றைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி இருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

வேளாண்மை படிக்கும் பிள்ளைகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சேற்றில் கால் வைக்கத் தயாராக வருகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஆனால் சேற்றுக்குச் சம்பளம் இல்லை, அறிக்கைக்குச் சம்பளம் என்று ஆக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பயிர் கருகினால் விவசாயிக்கு எவ்வளவு நட்டமோ அதில் கால் பங்காவது தன் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பவருக்குத்தான் ஒப்பந்தம் என்று ஒரே ஒரு வரி டெண்டரில் சேருங்கள். எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அந்த வரி தானாக வராது. அதனால் விவசாயிகளே, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் ஊரைக் காட்டி யார் அறிக்கை எழுதினார்கள், எவ்வளவு வாங்கினார்கள், அதன் தமிழ்ப் பிரதி எங்கே? எங்கள் உழவர் நிறுவனத்தைக் கைபிடித்து நடத்தும் அமைப்புக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள்? கூட்டத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.